வீடு விடுவதும் வீடு பிடிப்பதும்

அன்புள்ள வாசகிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. முதல் முறை படித்தபோது சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தபோது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் தெருக்களில் நான் வீடு தேடி அலைந்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்து, சிரிப்பு போய்விட்டது.

உங்களுக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து மருத்துவமனையில் செவிலியர் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. தங்குவதற்கு ஒரு சின்ன வீடும் பார்த்தாயிற்று. ஏஜென்ட் அனுப்பிய ஒப்பந்தத்தை அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்திருக்கிறீர்கள். அதில் ‘டிமைஸ்டு பிரெமிசஸ்’ என்று வருகிறது. அகராதியைப் புரட்டினால் ‘டிமைஸ்’ என்பதற்கு மரணம் என்று போட்டிருக்கிறது. “சாவு விழுந்த வீடா சார்? அம்மா அந்த வீடே வேண்டாம் என்கிறார்” என்று கேட்கிறீர்கள். கூடவே இன்னொன்று: ரென்ட், லெட், லீஸ், ஹயர் எல்லாமே நமக்கு ‘வாடகை’தானே, அவர்களுக்கு மட்டும் எதற்கு இத்தனை சொல்?

உங்களுக்கு மட்டும் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதே கேள்வியை வேறு வேறு ஊர்களிலிருந்து நாலைந்து பேர் கேட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்ப்போம். ‘டிமைஸ்’ என்பது ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து வாங்கிய சொல். கைவிடுதல், விட்டுக்கொடுத்தல் என்பதுதான் அதன் பழைய பொருள். சொத்தை ஒருவர் இன்னொருவர் கைக்கு மாற்றிவிடுவதற்கு வக்கீல்கள் இந்தச் சொல்லை எழுதினார்கள். உயில் மூலம் மாறினாலும் டிமைஸ், குத்தகை மூலம் மாறினாலும் டிமைஸ். ராஜா இறந்தால் மகுடம் அடுத்தவர் தலைக்கு மாறுகிறதல்லவா, அதற்கும் அதே சொல். மகுடம் மாறியதைக் குறித்த சொல் மெல்ல மெல்ல அது மாறுவதற்குக் காரணமான சாவையே குறிக்கத் தொடங்கிவிட்டது. ஊரெல்லாம் புதுப் பொருளுக்குப் போய்விட, ஒப்பந்தக் காகிதம் மட்டும் பழைய பொருளிலேயே நிற்கிறது. ஆக, டிமைஸ் ஆனது வீடுதான், வீட்டுக்காரர் இல்லை.

‘பிரெமிசஸ்’ இன்னும் வேடிக்கை. லத்தீனில் அதற்கு ‘முன்னே சொல்லப்பட்டவை’ என்று பொருள். பத்திரத்தின் தலைப்பில் சொத்தை எல்லைகளோடு ஒரு முறை விவரித்துவிட்டு, பிறகு வருமிடமெல்லாம் ‘மேலே சொன்னவை’ என்று எழுதிக்கொண்டே போனார்கள். படித்தவர்கள் அதுதான் வீட்டுக்குப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். நம் பத்திர எழுத்தர்கள் ‘மேற்படி சொத்து’, ‘மேற்படியார்’ என்று எழுதுவார்களே, அதே கதைதான். நம்மூரில் அந்தத் தவறு நடந்திருந்தால் இன்று தியேட்டர் வாசலில் ‘மேற்படியில் புகை பிடிக்கக் கூடாது’ என்று போர்டு தொங்கும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. பல வருஷம் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டியதில் ஒன்று எனக்குப் பிடிபட்டது. வீட்டு வாடகையைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள் எத்தனை இருந்தாலும், வேரைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே வினைகளில் வந்து நிற்கின்றன: விடு, பிடி. தமிழிலும் அப்படித்தான் பேசுகிறோம். ‘மாடியை வாடகைக்கு விட்டிருக்கார்.’ ‘ஒருவழியா வீடு பிடிச்சாச்சு.’ நாம் வாயால் சொல்வதைத்தான் அவர்கள் லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

விடுகிற சொற்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘லெட்’ கலப்பில்லாத பழைய ஆங்கிலச் சொல். விடு, போகவிடு, இருக்கவிடு என்பதே அதன் பொருள். ‘டு லெட்’ என்ற பலகையை நாம் அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டுவிட்டோம். நம் தெருக்களில் ‘டூலெட் போர்டு’ என்பது இரண்டு சொல் என்றுகூட யாருக்கும் தோன்றுவதில்லை. செழியன் எடுத்த படத்துக்கும் அதுவே பெயர். சென்னைக்குக் கணினி நிறுவனங்கள் வந்து வாடகை எகிறிய 2007-ஆம் ஆண்டில் வீடு தேடி அலையும் ஒரு சிறு குடும்பத்தின் கதை அது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. இங்கிலாந்தில் அந்தப் பலகைக்கு வேறொரு தலைவிதி உண்டு. இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு குச்சி போட்டு ‘ஐ’ எழுத்தாக்கிவிட்டால் ‘டாய்லெட்’. இரவில் குடித்துவிட்டுத் திரும்பும் பையன்களுக்கு அது அலுக்காத விளையாட்டு.

இந்தச் சொல்லில் நான் விழுந்த குழியை நீங்கள் தாண்டிப் போங்கள். அலுவலகத்தில் ஒருநாள், வீடு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், ‘ஐ ஆம் லெட்டிங் எ ஃப்ளாட்’ என்றேன். மதிய இடைவேளைக்குள் இரண்டு பேர் வந்து எத்தனை அறை, வாடகை எவ்வளவு என்று விசாரித்தார்கள். நான் சொந்தமாக வீடு வைத்திருந்து அதை வாடகைக்கு விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ‘லெட்’ சொல்ல உரிமையுள்ளவர் விடுகிறவர் மட்டுமே. குடிபோகிறவர் ‘ரென்ட்’ என்று சொல்ல வேண்டும்.

ஆனால் ‘ரென்ட்’ இரண்டு பக்கமும் தலையாட்டும். ‘ஐ ரென்டட் எ ஹவுஸ்’ என்றால் எடுத்தேனா, விட்டேனா என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விட்டதை அழுத்திச் சொல்ல ‘ரென்ட் அவுட்’ என்று ஒரு வாலை ஒட்டிக்கொள்வார்கள். தமிழில் இந்தக் குழப்பமே எழாது, எடுவும் விடுவும் தனித்தனி. நம் மொழிக்கு அது குறை, இது குறை என்று புலம்புகிறவர்களிடம் இதை ஒருமுறை காட்டலாம்.

‘ரென்ட்’டின் வேர் விடுவதிலும் சேராது, பிடிப்பதிலும் சேராது. அது கொடுப்பதில் சேரும், அதாவது திருப்பிக் கொடுப்பதில். ‘ரென்டர்’, ‘சரண்டர்’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ‘சரண்டர்’ வாடகை ஒப்பந்தத்திலும் வரும். கெடு முடிவதற்கு முன்பே, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டைத் திருப்பி ஒப்படைப்பது என்பது அங்கே அதன் பொருள். துணி கிழிந்த கிழிசலுக்கும் ‘ரென்ட்’ என்ற சொல் உண்டு. அதற்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் இல்லை. மாதம் முதல் தேதி வரும்போது இருக்கிறது போலத் தோன்றும்.

‘லெட்’டுக்கும் இப்படி ஒரு போலி இரட்டையர் உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதை வைத்திருப்பவரை எந்தத் தடையுமின்றிப் போக அனுமதிக்குமாறு குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே தடை என்பதற்கு எழுதியிருக்கும் சொல்லும் ‘லெட்’தான். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிப் போனால் நடுவர் ‘லெட்’ என்பாரே, அதுவும் தடைதான். ஒரு சொல் விடு என்கிறது, அதே எழுத்துக்களால் ஆன இன்னொரு சொல் விடாதே என்கிறது.

‘லீஸ்’ பக்கம் வருகிறேன். இதுவும் விடுகிற சொல்தான், ஆனால் பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீன் மூலத்தில் அதற்குத் தளர்த்துதல் என்று பொருள். ‘ரிலாக்ஸ்’, ‘ரிலீஸ்’ இரண்டும் அதன் சகோதரிகள். நாயைக் கட்டும் வாருக்கு ‘லீஷ்’ என்கிறார்களே, அதுவும் அதே குடும்பம். கயிற்றைத் தளர்த்திவிடலாம், ஆனால் நுனி நம் கையில்தான் இருக்க வேண்டும். குத்தகைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றியதில்லை. செவிலியரான உங்களுக்கு இன்னொரு உறவினரையும் அறிமுகப்படுத்தலாம்: ‘லாக்ஸடிவ்’. வார்டில் அந்த மருந்தைக் கொடுக்கும்போதெல்லாம் வீட்டு ஒப்பந்தம் நினைவுக்கு வந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

நம்மூர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் இந்த ‘லீஸ்’. சென்னையிலும் பெங்களூரிலும் ‘லீஸுக்கு வீடு’ என்றால் மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. நம் பெரியவர்கள் இதை ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொன்னார்கள். வட்டிக்கு வீடு, வாடகைக்கு வட்டி, இரண்டும் நேருக்கு நேர் கழிந்துவிடும். சட்டத்தின் கண்ணில் இது அடமானத்தின் சாயல் கொண்ட ஏற்பாடு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அனுபோக அடமானம் என்று ஒரு வகையை விவரிக்கிறது, லீஸைத் தனியாக வேறொரு பிரிவில் வைக்கிறது. நான் இந்த நம்மூர் லீஸை மனத்தில் வைத்துக்கொண்டு, லண்டன் ஏஜென்ட்டிடம் போய், ‘எனக்கு ரென்ட் வேண்டாம், லீஸ்தான் வேண்டும்’ என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மரியாதை கூடியது. நாற்காலி போட்டார், டீ வந்தது. வாடகைக்கு வந்த ஆள் இல்லை, ஃப்ளாட்டையே விலைக்கு வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்.

காரணம் இதுதான். இங்கிலாந்தில் உங்களைப்போல் மாத வாடகைக்குப் போகிறவர் கையெழுத்திடும் காகிதத்துக்கு வழக்கில் ‘டெனன்ஸி அக்ரிமென்ட்’ என்றுதான் பெயர். அமெரிக்காவில் அதையே ‘லீஸ்’ என்பார்கள். இங்கிலாந்து நகரவாசி ‘லீஸ்’ என்றால் 99 வருஷம், 125 வருஷம், சில சமயம் 999 வருஷம் என்று நீளும் நெடுங்குத்தகையை நினைப்பார். அங்கே ஃப்ளாட் வாங்கினேன் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் வாங்கியது இதைத்தான். ‘லீஸ்ஹோல்ட்’ என்று பெயர். மண் வேறொருவருடையது. லட்சக்கணக்கான பவுண்டு கொடுத்துக் கிரகப்பிரவேசம் செய்தவரும் சட்டப்படி குடியிருப்பவரே. வருஷா வருஷம் மண்ணுக்கு வாடகை கட்டுவார், வருஷங்கள் கரையக் கரைய வீட்டின் மதிப்பும் குறையும்.

அந்த மண் வாடகையில் நம் மிளகு ஒன்று உருண்டு வருகிறது. பேருக்கு ஒரு வாடகை என்பதை ஆங்கிலத்தில் ‘பெப்பர்கார்ன் ரென்ட்’, மிளகுமணி வாடகை, என்கிறார்கள். இலவசமாகக் கொடுத்தால் ஒப்பந்தம் செல்லுமா என்ற சந்தேகம் வரும். ஒரே ஒரு மிளகாவது கைமாற வேண்டும் என்று எழுதிவிட்டால் கொடுக்கல் வாங்கல் ஆகிவிட்டது. மலபார்க் கரையிலிருந்து மிளகு கப்பலேறிப் போன இடைக்காலத்தில் அது ஏழை வீட்டில் காணக் கிடைக்காத சரக்கு. ஒரு பவுண்டு எடை மிளகை உண்மையாகவே வாடகையாகக் கட்டிய நிலங்கள் அங்கே இருந்தன. விலை விழுந்த பிறகு அதே சொல் ‘ஒன்றுமில்லாததற்குச் சமம்’ என்று ஆகிவிட்டது. பெர்முடாத் தீவில் செயின்ட் ஜார்ஜ் ஊரிலுள்ள பழைய அரசு மாளிகையை ஒரு ஃப்ரீமேசன் சங்கம் 1816 முதல் வருஷத்துக்கு ஒரு மிளகு என்ற வாடகையில் வைத்திருக்கிறது. வெள்ளித் தட்டு, அதன்மேல் வெல்வெட் மெத்தை, அதன்மேல் ஒரே ஒரு மிளகு. ஊர்வலம், அணிவகுப்பு எல்லாம் உண்டு, வாங்கிக்கொள்வதற்கு ஆளுநர் வருவார். இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 ஜூன் 30 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக எழுதப்படும் பெரும்பாலான குடியிருப்பு நெடுங்குத்தகைகளில் மண் வாடகை ஒரு மிளகுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. நாடாளுமன்றம் சுழியம் என்று எழுதியிருக்கலாம். மிளகு என்றுதான் எழுதியது.

லீஸ் கொடுப்பவர் ‘லெஸ்ஸார்’, வாங்குபவர் ‘லெஸ்ஸீ’. இந்த ‘ஆர்’, ‘ஈ’ விகுதிகள் நார்மன் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனவை. 1066-இல் அவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றம் பிரெஞ்சில் பேசியது. மக்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்று 1362-இல் ஆங்கிலத்தில் வாதாடும்படி சட்டம் போட்டார்கள். வக்கீல்களா விடுவார்கள்? இன்னும் சில நூற்றாண்டுகளுக்குப் பிரெஞ்சிலேயே குறிப்பெழுதினார்கள். கடைசியில் ‘ஈ’ வந்தால் செயலை ஏற்றுக்கொள்பவர் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், எம்ப்ளாயீ, டிரெய்னீ போல. பின்னாளில் அங்கே வீட்டுக்கடன் வாங்கும்போது மட்டும் இது காலை வாரும். ‘மார்ட்கேஜீ’ நீங்கள் இல்லை, வங்கி. கடனைக் கொடுப்பது வங்கி என்றாலும் அடமானத்தைக் கொடுப்பது நீங்கள்தானே? வாங்குகிற வங்கிக்கு ‘ஈ’.

விடுகிற கை போதும். இப்போது பிடிக்கிற கை, எனக்குப் பிடித்த கை.

‘டெனன்ட்’ என்றால் பிடித்திருப்பவர். லத்தீனில் பிடித்தலைக் குறிக்கும் ஒரு வேர் ஆங்கிலத்தில் ஆலமரமாக விழுது விட்டிருக்கிறது. பேராசிரியரின் ‘டெனியூர்’, கொள்கைப் பிடிப்பான ‘டெனட்’, ‘மெயின்டெயின்’ என்றால் கையில் பிடித்திருத்தல், ‘கன்டெயின்’, ‘ரிடெயின்’, ‘டிடெயின்’ எல்லாம் விதவிதமான பிடிகள். ராணுவ ‘லெஃப்டினன்ட்’டையும் விடாதீர்கள். இடத்தைப் பிடித்திருப்பவர், அதாவது மேலதிகாரி இல்லாதபோது அவர் இடத்தில் நிற்பவர். அந்தப் பெயரின் பின்பாதி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் டெனன்டேதான். டென்னிஸ் என்ற பெயரும், பந்தை அடிப்பதற்கு முன் ‘இந்தா பிடி!’ என்று பிரெஞ்சில் கூவியதிலிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

டெனன்ட் என்ற சொல்லுக்கு இன்று சற்று இளப்பம் ஒட்டியிருக்கிறது. நம்மூரில் ‘வாடகை வீட்டுக்காரங்க’ என்று சொல்லும்போது குரல் ஒரு படி இறங்குமே, அதுபோல. முன்பு அப்படி இல்லை. இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் மன்னன் வில்லியம் 1086-இல் நாட்டு நிலத்தையெல்லாம் கணக்கெடுத்தபோது, அவனிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற பெரும் பிரபுக்களே முதல்நிலை டெனன்ட்கள். கோட்டையும் படையும் வைத்திருந்தவர்கள். நிலம் முழுக்க அரசனுடையது, மற்றவர்கள் எல்லாரும் பிடித்திருப்பவர்கள் மட்டுமே என்பதுதான் அந்த நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. ஏட்டளவில் அது இன்றும் மாறவில்லை. அதனால்தான் சொந்த வீட்டுக்கும் ‘ஃப்ரீஹோல்ட்’ என்று பெயர். சுதந்திரமான பிடி, ஆனாலும் பிடிதான். லெஸ்டரில் உங்கள் வீட்டு உரிமையாளர் கொஞ்சம் மிடுக்குக் காட்டினால், அவரும் மன்னர் சார்லஸின் கீழ் ஒரு பிடிப்பாளரே என்று நினைத்துக்கொண்டு புன்னகையோடு நில்லுங்கள். சொல்லிவிடாதீர்கள்.

அவரை ‘ஹவுஸ் ஓனர்’ என்று அழைக்காதீர்கள். அது நம்மூர் ஆங்கிலம். அங்கே அதற்குச் சொந்த வீட்டில் வசிப்பவர் என்று அர்த்தமாகும். ‘லேண்ட்லார்ட்’ என்பதே புழங்கும் சொல், பெண் என்றால் ‘லேண்ட்லேடி’. லார்ட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காப்பவர் என்றும், லேடி என்பதற்கு ரொட்டிக்கு மாவு பிசைபவர் என்றும் மூலம் சொல்கிறார்கள். மதுக்கடை நடத்துபவரையும் அங்கே லேண்ட்லார்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். உடன் வேலை செய்பவர், ‘எங்கள் லேண்ட்லார்ட் ரொம்ப நல்லவர்’ என்றால் எந்த லேண்ட்லார்ட் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? ‘வீட்டுக்காரர் ஊர்ல இல்ல’ என்று ஒரு பெண் சொன்னால் கணவரா, வீட்டு உரிமையாளரா என்று முகத்தைப் பார்த்துத்தானே முடிவு செய்கிறோம்.

‘ஹயர்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார், சைக்கிள், ஒரு மாலைக்கு மட்டும் கல்யாண ஹால், இவற்றுக்கு அங்கே ஹயர். அமெரிக்காவில் காருக்கும் ரென்ட். ஆளை வேலைக்கு வைப்பதற்கும் ஹயர் என்பதால், நம் ‘கூலி’ என்ற சொல்லோடு அதை வைத்துப் பார்க்கலாம். உழைத்தவருக்கும் கூலி, வண்டிக்கும் கூலி, பழைய வழக்கில் வீட்டு வாடகையும் குடிக்கூலி.

பணம் கைமாறும் சொற்களில் கவனம் வேண்டும். நம் ‘அட்வான்ஸ்’ அங்கே ‘டெபாசிட்’. ‘ரென்ட் இன் அட்வான்ஸ்’ என்று காகிதத்தில் இருந்தால் அது முன்கூட்டிக் கட்டும் முதல் மாத வாடகை, திரும்பி வராது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, காலி செய்யும் நாளில் கையை நீட்டி நின்றவர்களை எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது கதை போல இருக்கும். நீங்கள் கொடுக்கும் அந்தப் பணத்தை லேண்ட்லார்ட் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்தாக வேண்டும், எந்தத் திட்டம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை வேறு யாருக்கும் காட்டாமல் நிறுத்திவைக்க முதலில் கேட்கும் சிறு தொகை ‘ஹோல்டிங் டெபாசிட்’, நம் டோக்கன் அட்வான்ஸ். அது ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. பெயரிலேயே பிடி இருப்பதைக் கவனித்தீர்களா?

வாடகையை வாரத்துக்கு இவ்வளவு என்றும் விளம்பரம் செய்வார்கள், மாதத்துக்கு இவ்வளவு என்றும் செய்வார்கள். வாரம் 150 பவுண்டு என்றால் நாலால் பெருக்கி 600 என்று எண்ணிவிடாதீர்கள். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 650. முதல் மாதமே பட்ஜெட்டில் ஐம்பது பவுண்டு பள்ளம் விழுந்து எனக்குக் கிடைத்த கணிதப் பாடம் இது.

‘இன்வென்டரி’ என்று ஒரு பட்டியல் தருவார்கள். ‘கண்டவை’ என்பது அதன் மூலப்பொருள், இன்வென்ட் என்ற சொல்லின் உடன்பிறப்பு. சுவரில் கீறல், கம்பளத்தில் கறை, உடைந்த கைப்பிடி எல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்கள் கண்டது அதில் இல்லையென்றால், படம் எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். புழக்கத்தில் தானாகத் தேய்வது ‘வேர் அண்ட் டேர்’. அதற்குப் பணம் பிடிக்கக் கூடாது.

சொல் மாறினால் சட்டம் மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வி அங்கே உச்ச நீதி அமைப்பு வரை போயிருக்கிறது. குடியிருப்பவருக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்துவிடக் கூடாது என்று, காகிதத்துக்கு ‘லைசென்ஸ்’ என்று தலைப்பு வைத்துக் கையெழுத்து வாங்குவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. லைசென்ஸ் என்றால் வெறும் அனுமதி, பிடி கிடையாது. 1985-இல் ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட் என்ற வழக்கில், அப்போது அந்த உச்ச அமைப்பாக இருந்த பிரபுக்கள் சபை அந்த வித்தையை உடைத்தது. அறை முழுக்க ஒருவர் கையில், ஒரு கால அளவுக்கு, வாடகைக்கு இருந்தால் அது டெனன்ஸிதான், தலைப்பில் என்ன எழுதினாலும் சரி. நீதிபதி டெம்பிள்மன் பிரபு சொன்ன உவமையைச் சட்ட மாணவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கையால் மண்ணைக் கிளறுவதற்கு ஐந்து பல் வைத்து ஒரு கருவி செய்துவிட்டு, ‘நான் மண்வெட்டிதான் செய்தேன்’ என்று ஒருவர் எவ்வளவு சாதித்தாலும் அது மண்வெட்டி ஆகாது. மும்பையில் இன்றும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தங்கள் எழுதப்படுவதற்கும் மூலகாரணம் இதே பயம்தான். நம்மூர் 11 மாத ஒப்பந்தம் வேறு தந்திரம். ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய சட்டம் சொன்னதால் ஒரு மாதத்தை வெட்டிக்கொண்டார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் எழுதிப் பதிவு செய்யச் சொன்ன பிறகும் அந்த 11 மட்டும் போகவில்லை.

துரத்தும் சொற்களும் இருக்கின்றன. ‘எவிக்‌ஷன்’ என்பதற்குள் ‘விக்டரி’யின் வேர் இருக்கிறது. வழக்காடி வென்று வெளியேற்றுவது. வாடகைச் சண்டையில் பிறந்து உலகமெல்லாம் பரவிய ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு வாடகை தண்டும் ஏஜென்ட்டாக ஒரு கேப்டன் இருந்தார். விளைச்சல் பொய்த்து, குடியானவர்கள் வாடகையைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட அளவுக்கு அவர் இறங்கி வரவில்லை, வெளியேற்ற ஆள் அனுப்பினார். ஊர் அவரை அடிக்கவில்லை. அவரை ஒதுக்கி வைத்தது. வேலைக்காரர்கள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வயலில் நின்ற பயிரை எடுக்க வடக்கிலிருந்து ஐம்பது ஆட்களைக் கூட்டிவந்தார்கள், அந்த ஐம்பது பேருக்குக் காவலாக அதைப்போல் பல மடங்கு சிப்பாய்கள் கூடாரமடித்து உட்கார்ந்தார்கள். அந்த ஏஜென்ட்டின் பெயர் சார்லஸ் பாய்காட். கால் நூற்றாண்டுக்குள் வங்காளத்தில் அந்நியத் துணிக்கு எதிராக அதே பெயர் ஒலித்தது. தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் ஓடிய நாட்களில் நம் பத்திரிகைகள் பகிஷ்காரம் என்று எழுதியதும் இந்தப் பாய்காட்டைத்தான்.

உங்கள் ஒப்பந்தத்தில் ‘கொயட் என்ஜாய்மென்ட்’ என்று ஒரு பிரிவு இருக்குமே, அதற்கும் நீங்கள் கேள்விக்குறி போட்டிருப்பீர்கள். சத்தம் போடாமல் சந்தோஷமாக இரு என்று அர்த்தமில்லை. லேண்ட்லார்டோ அவர் ஆளோ குறுக்கிடாமல் நீங்கள் வீட்டை அனுபவிக்கலாம் என்பதற்கான வாக்குறுதி அது. ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று நம் பத்திரங்களில் வருகிற அதே அனுபவம். அவர் முன்னறிவிப்பில்லாமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

வீடு என்ற நம் சொல்லே விடு என்பதிலிருந்து வந்ததுதான். கெடு கேடானது போல, சுடு சூடானது போல, விடு நீண்டு வீடானது. முக்தியையும் அதனால்தான் வீடு என்றார்கள். பாளையங்கோட்டையை விட்டுப் போகிற உங்களிடம் இந்த இலக்கணத்தை நீட்டப் போவதில்லை, பெட்டி கட்டும் வேலை நிறைய இருக்கும்.

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ‘டிமைஸ்’ என்ற வார்த்தைக்கு மரணம் என்று பொருளில்லை, காகிதத்தில் யாரும் சாகவில்லை என்றும் சொல்லுங்கள். லெஸ்டரில் செங்கல்லால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஏராளமானவை விக்டோரியா ராணி காலத்தவை. நூறு வருஷத்துக்கு மேல் நின்ற வீட்டில் எத்தனையோ குடும்பங்கள் வந்து போயிருக்கும், மாடியறையில் யாராவது ஒரு பாட்டி கண்ணை மூடியிருக்கவும் கூடும். அதை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்